ஓரகத்தியின் காற்று

என் ஓரகத்தியைப் பார்த்து நான் வயிறெரிந்தேன் என்று சொன்னால் எங்கள் சொந்தத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அவள் என் கொழுந்தனாரின் மனைவி. சேலத்துக்கு மேலே தலைச்சோலையில், மாமனார் விட்டுப்போன காப்பித் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு மலையிலேயே இருந்தாள். நான் கணவரின் வேலைக்காக வடசீனத்தில் ஒரு தொழில் நகரத்தில், பதினேழாவது மாடியில் இருந்தேன். கல்யாணமான புதிதில் அவள்தான் என்னைப் பார்த்து ஏங்கினாள். அது எனக்குத் தெரியும்; கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

மகனுக்கு நான்கு வயதில் வீசிங் வந்தபிறகு எல்லாம் மாறியது. குளிர்காலத்தில் அந்த ஊரில் நிலக்கரிப் புகை இறங்கி எதிர்க் கட்டடமே மறைந்துவிடும். கணவர் ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டினார். வாசற்கதவின் அடியில் ஈரத்துணி வைத்தோம். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் இரவும் பகலும் ஓடும். மாதம் ஒருமுறை அதன் வடிகட்டியைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். கையடக்கமாக ஒரு மீட்டர் வாங்கினேன். காற்று நன்றாக இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஊதா. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பேன். சிவப்பு என்றால் பையனைப் பள்ளிக்கு அனுப்பமாட்டேன். அவன் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான்.

அந்த நேரம் பார்த்து ஓரகத்தி வீடியோ போனில் கூப்பிடுவாள். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் செருப்பில்லாமல், மூக்கொழுக, பனிமூட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். "சளி புடிச்சிருக்குதுங்க்கா, சொன்னாக் கேக்கறதில்ல" என்று குறைப்படுவாள். சளியைக் குறையாகச் சொல்லும் அவளை எனக்குப் பிடிக்காமல் போனது. நான் இத்தனை பாடுபட்டும் கிடைக்காத ஒன்று அவளுக்குச் சும்மா கிடைத்திருந்தது. அது கிடைத்திருப்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பையனுக்கு ஆறு வயதானபோது, ஜனவரி கடைசியில் நீண்ட விடுமுறை வந்தது. நானும் அவனும் மட்டும் ஊருக்கு வந்தோம். மீட்டரும் கைப்பையில் வந்தது. சேலத்தில் ஏறிய பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்ப, அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பாதி மலையில் பச்சைக்கு வந்தது. அதன்பிறகு ஊர் போய்ச் சேரும்வரை மாறவே இல்லை.

காப்பிப் பழம் பறிக்கும் சமயம் அது. களத்தில் பழங்கள் காய்ந்துகொண்டிருக்க, மகன் அவற்றின் நடுவே ஓடினான். முதல் இரண்டு நாள் இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பின்னாலேயே அலைந்தேன். மூன்றாம் நாள் அது தேவைப்படவில்லை. பத்து நாளாகியும் தேவைப்படவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் சித்தி கையால்தான் சாப்பிட்டான், சித்தி பக்கத்தில்தான் படுத்தான். ஒருநாள் என்னிடம் வந்து, "நீ மட்டும் அப்பாகிட்டப் போம்மா. நான் சித்தி ஊட்லயே இருந்துக்கறேன்" என்றான். பத்து நாளில் அவனுக்கு 'வீடு' போய் 'ஊடு' வந்துவிட்டது. ஓரகத்தி சிரித்தபடி, "இருக்கட்டுமேங்க்கா" என்றாள்.

மறுநாள் காலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அதுவரை காலை நேரத்தில் பையனோடு களத்திலேயே இருந்ததால் அந்தப் பக்கம் போனதில்லை. ஏன் போனேன் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவள் வீட்டில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும்போல இருந்தது.

வெளியே நல்ல குளிர். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அவள் விறகடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அடுப்பில் எல்லோருக்கும் குளிக்க வெந்நீர். காஸ் அடுப்பு இருந்தது. காப்பி போட மட்டும். தோட்டத்தில் கவாத்து செய்து வெட்டிப்போட்ட குச்சிகள் மலைபோலக் கிடக்கும்போது விறகுக்கு என்ன பஞ்சம்? மீட்டர் மஞ்சளானது, சிவந்தது, நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஊதாவுக்குப் போனது. நாங்கள் ஜன்னலுக்கு டேப் ஒட்டிய நாட்களில்கூட அவ்வளவு மோசமாகப் பார்த்ததில்லை.

என் மனம் குளிர்ந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை. அவளிடம் நீட்டி, ஊதா என்றால் என்ன அர்த்தம் என்று டாக்டர் மாதிரி விளக்கினேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு அதைப் பார்த்தாள். "இதச் சொல்ல ஒரு மிசினு வேணுமுங்களாக்கா? எட்டு வருசமா இருமிட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றாள். பிறகு சோற்றுப் பானையைக் கவிழ்த்தபடியே, "உங்க பையன் ஒருக்கா இருமுனா மாமா ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டறாரு. நான் இருமுனா, இங்க இவங்க தூங்க உடமாட்டீங்கறயான்னு கேக்கறாங்க. நாந்தானுங்க்கா உங்களப் பாத்து நொம்பப் பொறாமப்படறேன்" என்றாள்.

போனில் அவள் பேச்சுக்கு நடுவே எத்தனையோ முறை அந்த இருமல் கேட்டிருக்கிறது. லைன் சரியில்லை என்று சலித்துக்கொண்டிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் என்ன ஏதென்று கேட்டதில்லை.

அன்று மத்தியானம் கொழுந்தனாரிடம் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. அம்மா காலத்திலிருந்து இதே அடுப்புதான் என்றார். உங்கள் அம்மாவும் இருமி இருமித்தானே இறந்துபோனார்கள் என்றேன். மறுநாளே வெந்நீர் அடுப்பைக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்கு மாற்றினார். சோற்றடுப்புக்கு மேலே கூரையைப் பிரித்துப் புகைக்குழாய் வைத்தார். அவளைச் சேலத்துக்கு நானே கூட்டிப்போனேன். டாக்டர் எழுதிக்கொடுத்தது என் மகன் இழுத்துக்கொண்டிருந்த அதே மருந்து. எப்படி உறிஞ்ச வேண்டும் என்று வீட்டில் அவளுக்குக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான்.

அவன் அழ அழத் திரும்பிப் போனோம். இன்னும் இரண்டு குளிர்காலம் அங்கே ஓட்டிவிட்டு, கணவர் ஓசூரில் வேலை தேடிக்கொண்ட பிறகு வந்து சேர்ந்தோம். அந்த இரண்டு வருடமும் அவள் போன் செய்வாள். இருமல் குறைந்து, கடைசியில் இல்லாமலே போய்விட்டது. நல்ல மலைக்காற்று, இப்போது புகையில்லாத சமையலறையும். கேட்கக் கேட்கப் பழைய எரிச்சல் லேசாகத் தலைதூக்கும். நாம் செய்துகொடுத்ததுதானே என்று அதை அடக்கிக்கொள்வேன்.

மீட்டர் ஊதாவான அந்த நிமிடம் எனக்குள் என்ன இருந்தது என்று அவளிடம் நான் சொன்னதில்லை. ஆனால் அப்போது அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.