எக்ஸ்ரேயில் தெரிந்த அடையாளம்

என் கணவர் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போய் ஐந்து மாதங்கள் கழித்தே எனக்கும் மகளுக்கும் விசாவுக்கு விண்ணப்பிக்க ஆயத்தமானோம். படிக்கப் போனவரின் மனைவியும் பிள்ளைகளும் கூடப் போய் இருக்கலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. அதை நிறுத்தப் போகிறார்கள் என்ற கதையும் ஊருக்குள் வந்திருந்தது. “அது இனிமேல் படிக்கத் தொடங்குறவங்களுக்குத்தான், நமக்கில்ல” என்று அவர் தொலைபேசியில் பலமுறை சொன்னார். இத்தனை தரம் ஏன் சொல்கிறார் என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விசாவுக்கு முதல் காசநோய் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். நானும் மகளும் புத்தளம் பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து விடியவே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனோம். அவளுக்கு நான்கு வயது. டொக்டர் அவளுடைய நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்ததோடு சரி. எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். படிவத்தில், முன்பு எப்போதாவது காசநோய் வந்ததா என்றொரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

“வலப்பக்கம் மேல ஒரு அடையாளம் தெரியுது” என்றார் டொக்டர். அவரும் ஒரு பெண்தான். “பழசா புதுசா எண்டு இதை வச்சுச் சொல்லேலாது. மூண்டு நாள் சளி எடுக்கோணும். அதில கிருமி வளருதா எண்டு பார்க்க ரெண்டு மாதம் செல்லும்.”

“என்ட புள்ளைக்கு?”

“இப்ப ஒண்டும் தெரியல்ல. உங்கட முடிவு வரட்டும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் மடியில் ஏறப் பார்த்தாள். நான் விடவில்லை. ஜன்னலைத் திறந்து அவளைக் காற்றுப்படும் பக்கம் இருத்திவிட்டு, என் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் சிலாபம் வரை அழுதாள். இத்தனை நாளும் அவளைக் கட்டிப்பிடித்தல்லவா தூங்கினேன் என்று மட்டுமே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் என் கோப்பையையும் பீங்கானையும் வேறாக்கினேன். மகளை உம்மாவோடு படுக்க விட்டேன். அடுத்த வீட்டில் கேட்டவர்களுக்கு வெறும் சளித் தடிமன் என்று சொன்னேன். உம்மாவிடம் மறைக்க முடியவில்லை. எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டதும் அவர் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மன்னாரிலருந்து விரட்டுப்பட்டு வந்து அகதிக் கேம்ப்ல இருக்கக்குள்ள உனக்கு அஞ்சு வயசு” என்றார். “இருமி இருமி எலும்பாப் போனாய். புத்தளம் ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா மருந்து தந்தாங்க. சுகமான பிறகு ஆஸ்பத்திரித் துண்டு, கடதாசி எல்லாத்தையும் நான்தான் எரிச்சன். பொம்புளப் புள்ள. நாளைக்கு ஆரு கலியாணம் முடிப்பான்?”

நோய்ப் பயத்தின் மேல் இன்னொரு பயம் வந்து ஏறியது. நான் பொய்க்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன். புத்தளம் டவுனில் விசாப் படிவம் நிரப்பிக் கொடுப்பவரிடம் யாரோ ஒருவருடைய கதை போலக் கேட்டுப் பார்த்தேன். “பொய் சொன்னதெண்டு எடுத்தா வருசக்கணக்கில கதவு மூடிரும். அவங்களாக் கேட்காத வரைக்கும் வாய் துறக்க வேணாமெண்டு சொல்லுங்க” என்றார். உம்மாவும் அதையேதான் சொன்னார்.

அன்று பின்னேரம் கணவருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:

“உண்மையாவே உனக்குத் தெரியாதா?”

உம்மாவுக்குக் கேட்காமல் இருக்க முற்றத்துக்கு இறங்கினேன்.

“அல்லாஹ் அறிய, தெரியாது.”

“சரி, நான் யோசிச்சுச் சொல்றன்.”

இரண்டு நாட்கள் அவர் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தார். “போய்ச் சொல்லு. மறைச்சிட்டு வந்து இஞ்ச ஒவ்வொரு நாளும் பயந்து சாகேலாது.”

சளி கொடுக்கப் போன முதல் நாளே உம்மாவும் கூட வந்தார். டொக்டரிடம் நான் வாய் திறக்கும் முன், “மறைச்சது நான். இவளுக்கு ஒண்டும் தெரியாது” என்றார். டொக்டர் முழுவதையும் கேட்டுவிட்டுப் படிவத்தை எடுத்து, ‘இல்லை’ என்பதை வெட்டி, பக்கத்தில் விபரம் எழுதி, என்னிடம் மறுபடியும் கையெழுத்து வாங்கினார். “அண்டைக்குத் தெரியாது, இண்டைக்குத் தெரியும். தெரிஞ்சதும் வந்து சொல்லிட்டீங்க” என்றார். விசா கிடைக்குமா என்று கேட்டதற்கு, அது தன் கையில் இல்லை என்றார்.

அந்த இரண்டு மாதமும் மகள் ஒருமுறை இருமினாலும், அடுத்த இருமல் வருகிறதா என்று கதவடியில் நின்று கேட்பேன். தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கினார்கள். கூலிக்குக் கூப்பிட்டவர்களிடம் வரவில்லை என்றேன். தொலைபேசி அடித்தால் உம்மாவைத்தான் எடுக்கச் சொல்வேன்.

கிருமி எதுவும் இல்லை, அது பழைய தழும்பு என்று முடிவு வந்தது. பிறகு விசாவுக்குப் போட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். இரண்டு பேருக்கும் கிடைத்தது.

இங்கிலாந்தில் விமான நிலையத்தில் மகள் வாப்பாவைக் கண்டு வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தாள். அவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். தொலைபேசியில் கேட்க முடியாததை நான் அங்கே வைத்துக் கேட்டேன்.

“நீங்க என்னை நம்பினீங்களா?”

“ரெண்டு நாள் நம்பல்ல” என்றார்.

வெளியே குளிர் கடுமையாக இருந்தது. மகளுக்குத் தொப்பியைப் போட்டுவிட்டேன்.