வானத்திலிருந்து எங்கள் வீடு

போன வாரம் என் தம்பி மகள் சென்னைக்குப் போகும் வழியில், விமானத்துக்குள்ளிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தாள். படத்தில் முக்கால்வாசி இறக்கை. மீதி, ஜன்னல் கண்ணாடியில் விழுந்த அவளுடைய மூக்கு. "அத்தை, நீங்கதான் ஸ்டூடியோல வேலை பாத்தவங்களாச்சே, டிப்ஸ் சொல்லுங்க லா" என்று கூடவே ஒரு செய்தி. சொன்னேன். இறக்கைக்கு முன்னால் உட்கார், கேமராவைக் கண்ணாடியில் சாய்க்காதே, சாய்த்தால் விமானத்தின் நடுக்கமெல்லாம் படத்துக்கு வந்துவிடும், பக்கத்து வெளிச்சத்தைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொள். பெரிய அனுபவசாலி மாதிரி அடுக்கிவிட்டேன். நான் விமானத்திலிருந்து படம் எடுத்தது வாழ்க்கையில் ஒரே முறை, அதுவும் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. இதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், எங்கள் தீவில் சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசார் பக்கம் போகும் சந்து ஒன்றில் அந்த ஸ்டூடியோ இருந்தது. எனக்குப் படம் எடுக்கிற வேலை இல்லை. எடுத்த படத்தைத் திருத்துகிற வேலை. நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால் படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். மெல்லிய தூரிகையின் நுனியை நாக்கில் தொட்டு, மையில் தோய்த்து, புள்ளி இருந்த இடமே தெரியாமல் செய்துவிட வேண்டும். எங்கள் முதலாளி நாகூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் புள்ளி விஷயத்தில் எமன். ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் படத்தை இரண்டாகக் கிழித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். வாய் திறந்து திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

அந்தச் சமயத்தில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து, ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கட்டட நிதிக்காக விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு தீவை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடும். மேலிருந்து படம் எடுத்துத் தரும் பொறுப்பு எங்கள் ஸ்டூடியோவுக்கு. முதல் நாள் மத்தியானம் முதலாளிக்கு வயிறு சரியில்லாமல் போனது. மறுநாள் காலையில் அவர் ரொட்டி பராட்டாவை வளைத்துக் கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன், அது வேறு விஷயம். "நீ போயிட்டு வா புள்ள. சின்ன வயசு, உனக்கென்ன பயம்" என்றார். எனக்கு என்னவெல்லாம் பயம் என்று சொல்லத் தொடங்கினால் அவர் கடையைச் சாத்தியிருக்க வேண்டும்.

அம்மா தடுப்பாள் என்று நம்பித்தான் வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. வீடு, பொத்தோங் பாசிர் குளங்களை ஒட்டி அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட, கம்பம் என்கிற கிராமத்து வீடு. சீக்கிரம் காலி செய்ய வேண்டிவரும் என்று அரசாங்க ஆட்கள் வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசை: போவதற்குள் வீட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளி கேமராவைத் தர மாட்டார் என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். அவரிடம் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

விமானம் என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மேலேயிருந்து எடுத்தால் வீடு, மரம், கோழிக்கூண்டு எல்லாம் சேர்ந்து விழுமே என்றாள். அப்பாவின் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்தாள். சொட்டு நீலம் போட்டு அலசிக் காயவைத்தாள். "வாசல்ல விரிச்சு நாலு மூலையிலயும் கல்லு வெச்சிடுறேன். வெள்ளையா தெரியறதுதான் நம்ம வீடு. அத மட்டும் விட்டுடாத" என்றாள்.

இறக்கையைப் பார்த்தால் எனக்கு இன்றும் தைல வாசனை வரும். பாய லேபார் விமான நிலையத்தில் ஏறியதும் என் பக்கத்து இருக்கையில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மனைவி. ஜன்னலோரம் அவருடையது, ஆளை விட்டால் போதும் என்று எனக்குக் கொடுத்துவிட்டார். தன் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு, கேட்காமலேயே என் நெற்றியிலும் தடவினார். விமானம் எழும்பியபோது அடிவயிறு மட்டும் தரையிலேயே நின்றுவிட்டது எனக்கு. நான் ஜன்னல் பக்கம் கேமராவோடு குனிந்தேன். "எட்டிப் பாக்காத தாயி, ஒரு பக்கமா சாஞ்சிடும்" என்றார் அந்த அம்மாள். சொல்லி வாய் மூடவில்லை, விமானம் திரும்புவதற்காக அந்தப் பக்கமே சாய்ந்தது. அத்தனை பேரையும் நான்தான் கவிழ்க்கப் போகிறேன் என்று அந்த நிமிஷம் முழுதாக நம்பினேன். நிமிர்ந்து உட்கார்ந்து, விமானம் நேராகும்வரை மூச்சுகூட விடவில்லை.

அந்தக் கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கிற வகை. அதற்குள் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். முதலாளி இதைச் சொல்லித்தான் அனுப்பினார். பயத்தில் மறந்தே போனது. குளங்கள் பளபளவென்று வந்தன. அவற்றின் வலது பக்கம் எங்கள் வீடு இருக்க வேண்டும் என்று கேமராவுக்குள்ளேயே குனிந்து வலது பக்கத்தைத் தேடினேன். வெள்ளையாக எதுவும் இல்லை. அந்த அம்மாள் என் ஒரு கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். மற்றக் கையால் குத்துமதிப்பாக ஒரு படம் எடுத்தேன். குளங்கள் பின்னால் போய்விட்டன. வீட்டைத் தவறவிட்டுவிட்டேன் என்று அழுகை முட்டியது. விமானம் இறங்கினால் போதும் என்றும் இருந்தது.

அன்று சாயங்காலமே முதலாளி படங்களைக் கழுவினார். எல்லாவற்றிலும் குளங்களின் படம்தான் பிரமாதம். "நல்லா வந்திருக்கு புள்ள. காலையில மாட்டணும், புள்ளிய மட்டும் எடுத்துடு" என்றார். அவர் வாயிலிருந்து 'நல்லா' என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான். தலைகால் புரியவில்லை. வரிசையாகப் புள்ளிகளை அடைத்துக்கொண்டு வந்தேன். குளத்தின் ஓரம் கடுகளவில் ஒன்று பிடிவாதமாக இருந்தது. மூன்று முறை மை வைத்தேன். முதலாளி ஒன்றையும் கிழிக்கவில்லை. மாட்டிக் கழற்றியதும், நான் மை வைத்த அந்தக் குளப் படத்தையே எனக்கென்று கொடுத்தார்.

அம்மா அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குளத்தைக் கண்டுபிடித்தாள், பாதையைக் கண்டுபிடித்தாள். பாதையோடு விரலை நகர்த்திக்கொண்டே வந்து, "இங்கதான் விரிச்சிருந்தேன்" என்று ஓரிடத்தில் நிறுத்தினாள். அந்த விரல் நின்ற இடம் என் தூரிகை நின்ற இடம். மேகம் மறைத்துவிட்டது என்று ஏதோ உளறினேன். படத்தில் ஒரு மேகமும் இல்லை. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

"ப்ளேன் நம்ம தலைக்கு மேலதான் போச்சு. ரெண்டு கையையும் ஆட்டுனேன். அவ்வளவு ஒசரத்துலேருந்து பாத்தா நாமெல்லாம் தெரிய மாட்டோம் போல."

நெகட்டிவ் ஸ்டூடியோவில் பத்திரமாக இருந்தது. இன்னொரு பிரதி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் வேலை முடிந்தது. ஏன் என்று முதலாளி கேட்பார், தூசிக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நீ என்று பார்ப்பார் என்ற பயம். நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று தள்ளினேன். நாங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். முதலாளி கடையை மூடிவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். நெகட்டிவ் பெட்டிகள் எந்தக் குப்பைக்குப் போயினவோ தெரியாது. அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், என் மகள் எடுத்தது, எங்கள் வீடு இதில் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று காட்டுவாள். அவள் காட்டும்போதெல்லாம் நான் தேநீர் போடச் சமையலறைக்குப் போய்விடுவேன்.

தம்பி மகளுக்குப் பாடம் நடத்திய அன்று, அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தேன். நாங்கள் வைத்தது தண்ணீரில் கரையும் மை. அத்தனை வருஷமும் எனக்கு அது தெரியும். துடைத்தால் படமும் சேர்ந்து உரிந்துவிடுமோ என்ற பயத்தில் தொடாமல் இருந்தேன், இப்படித்தான் எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்து, குளத்தின் ஓரத்தில் ஒற்றினேன். பஞ்சு கறுத்தது.

பாய லேபாரில் இப்போது பயணிகள் ஏறி இறங்குவதில்லை. குளங்களைத் தூர்த்துவிட்டார்கள். எங்கள் வாசல் இருந்த இடத்தை எம்ஆர்டி சுரங்க ரயிலில் கடந்து போகிறேன், சுரங்கத்தின் எந்த இடத்துக்கு நேர் மேலே என்று சொல்லத் தெரியாது. அம்மா போய்ப் பதினோரு வருஷமாகிறது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக, கல் வைத்து இழுத்துப் பிடித்தது போல, நாலு மூலையும் தெளிவாகத் தெரிந்தது. தூசிக்கு நாலு மூலை இருக்காது. விரலை வைத்துக் காட்டத்தான் அம்மா இல்லை.