கிருபானந்தன் அண்ணையும் பொலிவியாக் குரங்கும்

எங்கள் மேல்வீட்டுக் கிருபானந்தன் அண்ணைக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. ஆறடி உயரம். எவ்வளவு பாரமான பெட்டியையும் ஒற்றைக் கையால் எறிவேன் என்று பெருமையடிப்பார். 2005இல் பனி கரையத் தொடங்கிய நேரம் அவருக்கு மகள் பிறந்தாள். அன்றே பெரிய ஆசாரக்காரர் ஆகிவிட்டார்.

"முப்பத்தொரு நாள் கழியுமட்டும் துடக்கு, தீட்டு. ஆம்பிளையள் பிள்ளையைத் தொடக்கூடாது."

வெள்ளிக்கிழமையிலும் ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டியோடு படியேறுகிற மனிதர் சொன்னது இது.

அவர் மனைவி பாலாம்பிகைக்கு வயிற்றுக் காயம் ஆறவில்லை. ஊரில் இருந்த தாய்க்கு விசா கிடைக்கவில்லை. பிள்ளை தோளில் கிடந்தால்தான் தூங்கும். நான் பத்தியக் கறி கொண்டுபோனால், வாயில் சோற்றோடு பாலாம்பிகை கண்ணை மூடிவிடுவாள்.

"ஒரு பகல் நித்திரை கிடைச்சாக் காணும் அக்கா."

அண்ணை தொட்டிலிலிருந்து தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பிள்ளை அழுகுது" என்று அறிவிப்பார். ஒருநாள் பிள்ளையை அவர் பக்கம் நீட்டினேன். அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை. பிள்ளையைத் திரும்ப என் தோளில் போட்டுக்கொண்டேன்.

பிறகொரு நாள் கறிச்சட்டியைப் பிரெஞ்சுப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன். பிரித்தால் உள்ளே ஒரு குரங்குப் படம். தலையில் பொன்னிற மயிர். பொலிவியாக் காட்டில் புதிதாகக் கண்டறிந்த இனமாம். பிரெஞ்சு வகுப்புக்குப் போன பாலாம்பிகை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்க நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்தக் குரங்குச் சாதியில தகப்பன்தான் பிள்ளையைச் சுமக்குமாம். பால் குடிக்க மட்டுந்தான் தாயிட்டக் குடுக்குமாம்."

"குரங்குக்குத் துடக்கில்லை."

"கொத்துரொட்டியும் இல்லை."

"அது மரத்தில நிக்கிற சாமான். கைதவறி விழுந்தா?" அண்ணை கைகளை இன்னும் இறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பாலாம்பிகை அவரை உற்றுப் பார்த்தாள். "மரத்தில நிக்கிற குரங்கே விழுத்தேல்லை. நீங்கள் நிலத்தில இருந்து பிடியுங்கோ."

அண்ணை உள்ளே போனார். பெட்டி தூக்கும்போது இடுப்பில் கட்டும் அகலப் பட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் விமான நிலைய ஸ்டிக்கர் ஒன்று, உடையக்கூடிய சாமானுக்கு ஒட்டுவது, உடைந்த கண்ணாடிக் குவளைப் படம் போட்டது. அதைப் பிள்ளையின் போர்வையில் ஒட்டினார். சுவரில் முதுகைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கைகளை நீட்டினார். வைத்தேன். பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கியது. பாலாம்பிகை அதற்கு முன்னமே தூங்கிவிட்டாள்.

துடக்குக் கழிவுக்கு ரொறன்ரோவிலிருந்து அண்ணையின் தமக்கை கிளியக்கா வந்தார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த குரங்குப் படத்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வடிவான அனுமார். தலையில கிரீடமும் இருக்கு."

ஒருவரும் திருத்தவில்லை.

"தா தம்பி, மாமி தூக்கிறன்" என்று அண்ணையின் தோளில் கிடந்த பிள்ளைக்குக் கை நீட்டினார்.

"பிள்ளைக்குப் பசிக்கேல்லை அக்கா. பால் குடிக்க மட்டுந்தான் குடுக்கிறது."

"அப்ப நான் என்னத்துக்கடா இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்தனான்?"

"உரத்துக் கதையாதையுங்கோ" என்றார் அண்ணை. உள்ளறையில் பாலாம்பிகை குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.