எண்பதில் நின்ற பச்சைக் கோடு

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இரும்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒரு வருஷம் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கப் பழகினேன். அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தவர் மறைமலை நகரில் கம்பெனி வேலைக்குப் போனதும், கடைக்கார அக்கா அந்த நாற்காலியை எனக்கே கொடுத்துவிட்டார். கொடுத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. பதினைந்து நாளும், யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்ற பயத்தோடு அதன் நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

புது லேசர் பிரிண்டர் வந்த அன்று அந்தப் பயம் பலித்துவிடும் போலிருந்தது. அதை ஓட்டும் சாஃப்ட்வேரை ஏற்ற, பிரிண்டரோடு வந்த சிடியைப் போட்டேன். பச்சைக் கோடு விறுவிறுவென்று நகர்ந்து எண்பது சதவீதத்தில் நின்றது. 'டொங்' என்று ஒரு சத்தம், ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. ஓகே அழுத்தினேன். ஏற்றியதையெல்லாம் தானே இறக்கிவைத்துவிட்டு முதலுக்கே போய்விட்டது. மறுபடி போட்டேன். அதே எண்பது, அதே டொங். வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினேன். வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். கம்ப்யூட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டேன். சிடியைத் துப்பட்டாவால் துடைத்துக்கூடப் பார்த்தேன்.

"இன்னாடி, காலையிலேர்ந்து கோயில் மணி அடிச்சிக்கினு கீற?" என்றார் அக்கா, ஜெராக்ஸ் மிஷினுக்கு அந்தப் பக்கமிருந்து.

"வந்துடும்க்கா."

"நீ ஒண்ணும் மிரளாத. தாம்பரத்து இன்ஜினீயருக்குப் போன் பண்ணிட்டேன், மூணு மணிக்கு வராரு. அவருக்குத் தெரிஞ்ச டிப்ளமா படிச்ச ஆளு ஒருத்தர் கீறாராம். அவரை உக்கார வச்சிக்கலாம். நீ பழையபடி ஜெராக்ஸைப் பாத்துக்கோ."

கோபமே இல்லாமல் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டேகால்.

எனக்கு ஆங்கிலம் கண்ணால் பார்த்தால் ஓடாது, கையால் எழுதினால்தான் ஓடும். அதுவரை அந்தப் பெட்டி வந்ததுமே, அக்கா பார்ப்பதற்குள் மூடிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மூடவில்லை. கறுப்படித்துப்போன ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில், அதிலிருந்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். ஒரு ஃபோல்டரின் பெயர். அடுத்து 'ஆக்சஸ் டினைட்'. உள்ளே போக அனுமதி மறுக்கப்பட்டது.

எழுதி முடித்ததும் புரிந்துவிட்டது. புதிதாக எதைப் போட்டாலும் அந்த ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும். பத்து நாள் முன்னால் அதைப் பூட்டியதே நான்தான்!

நெட் பார்க்க வந்த யாரோ ஒருவர் இந்தக் கம்ப்யூட்டரில் ஏதோ விளையாட்டை ஏற்றிவைத்துவிட்டுப் போயிருந்தார். மெஷின் கெட்டால் பழி என் மேல் விழுமே என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஃபோல்டரின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, இதற்குள் யாரும் எதையும் எழுதக் கூடாது என்று மறுப்புக் கட்டத்தில் டிக் அடித்தேன். கீழே என் பெயரைச் சேர்த்து, எனக்கு மட்டும் எல்லா அனுமதியும் உண்டு என்று இன்னொரு டிக். கோயிலில் பொது வரிசையை நிறுத்திவைத்தாலும் சிறப்பு தரிசனச் சீட்டு வைத்திருப்பவர் உள்ளே போய்விடுவார் அல்லவா, அப்படி நான் மட்டும் போய்விடலாம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டருக்குக் கோயில் வழக்கம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ரயில்வே கேட் வழக்கம். மூடிவிட்டால் கல்யாணக் காரும் நிற்கணும், கவுன்சிலர் காரும் நிற்கணும். ஒரு மறுப்பு இருந்தால் போதும், எத்தனை அனுமதி இருந்தாலும் செல்லாது.

மறுப்பு டிக்கை எடுத்தேன், அப்ளை கொடுத்தேன். ஃபைல் பெயர்கள் மின்சார ரயில் ஜன்னல்கள் மாதிரி ஓடி முடிந்தன. சிடியைத் தள்ளினேன். அறுபது. எழுபது. எண்பதில் நின்றது. நின்றது. எண்பத்தொன்று! நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். தொண்ணூறு. நூறு.

"அக்கா!"

"இன்னாடி, ஷாக் அடிச்சிதா?"

"ஏறிடுச்சுக்கா! ஏறிடுச்சு!"

பிரிண்டர் கரகரத்து, சூடாக ஒரு தாளை நீட்டியது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என்னால் முடியாது. மறைத்தால் ஒரு மாசம் அதையே நினைத்துச் சோறு இறங்காது.

"அக்கா, பூட்டி வச்சதும் நான்தான்க்கா" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி! சாவிய உள்ள போட்டு வூட்டப் பூட்டிட்டு, காலையிலேர்ந்து கதவத் தட்டிக்கினு இருந்தியா?"

நகல் எடுக்க வந்திருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

"சார், நீங்க வர வேணாம். ஆங், வேலை செய்யுது. இல்ல சார், அந்த டிப்ளமாவும் வேணாம். இங்க பூட்றதுக்கும் தொறக்கறதுக்கும் ஒரே ஆளு கீது."

மேற்கொண்டு என்ன பேசினாரோ, நான் கேட்கவில்லை. சோதனைப் பக்கம் ஒன்றை அடித்தேன். அது நன்றாக வந்ததால் இன்னொன்று. பிறகு ஒன்று. ஒன்பதாவது தாள் வெளியே வரும்போது அக்கா வந்து பிரிண்டர் சுவிட்சில் கை வைத்தார்.

"போதும்டி! பேப்பர் எல்லாம் காலி பண்ணிடுவ போலக் கீது. உக்காந்து வேலையப் பாரு."

சாய்ந்து உட்கார்ந்தேன்.