சதுப்பில் விழுந்த ஒன்பது பேர்

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மோர்னிங்சைட்டில், எங்கள் முதியோர் குடியிருப்பில் தமிழரும் வியட்நாமியரும் சேர்ந்துதான் ஆண்டு விழா நடத்துவோம். போன வருடம் வியட்நாமியர் ஒரு நாடகம் போட்டார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் தங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த சீனப் படையை, கிளர்ச்சிக்காரர் மலைக் கணவாய்க்குள் இழுத்து மடக்கிய கதை. கிளர்ச்சிக்காரராக நடிக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். சீனராக நடிக்க ஒருவரும் வரவில்லை. எங்களைக் கேட்டார்கள். ஒன்பது பேர் சேர்ந்தோம்.

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்த எங்களையே கடைசியிலை ஆமி ஆக்கிப்போட்டினம்," என்றார் என் அடுத்த வீட்டு நண்பர். அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் சீனத் தளபதி வேடத்தை அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். அவருடைய மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணை, இவர் என்ரை சொல்லுக் கேளார். நீங்கள் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொள்ளுங்கோ."

அன்றோடு என் நிம்மதி போயிற்று. ஒத்திகைகளில் வசனத்தை விட்டுவிட்டு அவருடைய மூச்சை எண்ணினேன்.

விழாவன்று கிளர்ச்சிக்காரர் ஏழு பேர் தோற்றவர்கள்போல் ஓடினார்கள். ஒத்திகையில் நடந்து துரத்திய தளபதி, சனத்தைக் கண்டதும் உண்மையாகவே ஓடினார். மெல்லப் போகும்படி பின்னாலிருந்து முணுமுணுத்தேன். கேட்கவில்லை. தரையில் விரித்திருந்த நீலத் தார்ப்பாய்ப் படங்குதான் கணவாயின் சதுப்பு நிலம். அதில் அவர் கால் வைத்ததும் முரசு அதிர்ந்தது. கதிரைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்கள் அட்டை ஈட்டிகளோடு பாய்ந்தார்கள். முதலில் தளபதி விழுந்தார். பிறகு நாங்கள் எட்டுப் பேரும் விழுந்தோம். முரசு ஓயும்வரை பிணங்கள் அசையக் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை.

நான் கிடந்த இடத்திலிருந்து அவருடைய முதுகு தெரிந்தது. அது அசையவில்லை. பத்து எண்ணினேன். அசையவில்லை. எழும்பினால் எல்லாருடைய ஆறு வார உழைப்பும் பாழ். எழும்பாவிட்டால், முன்வரிசையில் இருக்கும் அவருடைய மனுசிக்கு என்ன பதில் சொல்வேன்? இருபது. அதற்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை.

எழுந்தேன். சபை சிரித்தது. ஒரு கிளர்ச்சிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னை இன்னொரு தரம் குத்தினார். முழங்காலில் தவழ்ந்துபோய் நண்பரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"படுங்கோ அண்ணை. நாங்கள் எப்பவோ செத்திட்டம்."

படுத்தேன். ஆனால் மணிக்கட்டை விடவில்லை. முரசு ஓயும்வரை நாடியை எண்ணிக்கொண்டே கிடந்தேன். கொஞ்சம் வேகமாகத்தான் இருந்தது.