பானெட்டுக்கு அந்தப் பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. கண்டதையும் கற்பனை செய்கிற ஆளும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கார் ரிப்பேர் பார்க்கிறேன். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதான் என் பிழைப்பே. இது நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்போது என் தங்கைக்கு ஒன்பதாம் மாதம். அவசரத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்று மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பழைய காரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வருடமாக யார் வீட்டிலோ சும்மா நின்ற வண்டி. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே மிஸ்ஸிங்.

மிஸ்ஸிங் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் திக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் டுக்... டுக்... என்று இழுத்து, மூச்சு வாங்கி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். எப்போதும் இருந்தால் பிடித்துவிடலாம். இது அப்படி இல்லை. மாப்பிள்ளை ஓட்டும்போது வரும். என் பட்டறைக்குள் நுழைந்ததும் சமர்த்துப் பிள்ளையாகிவிடும்.

பிளக் மாற்றினேன். பிளக் வயர் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி மூன்று முறை கழுவினேன். பெட்ரோல் டேங்கையே இறக்கிப் பார்த்தேன். மூன்று வாரம் இதே கதை. ஒவ்வொரு முறையும் "சரியாயிடுச்சு மாப்ள" என்று அனுப்புவேன். மறுநாளே போன் வரும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கிணற்றில் போட்டிருப்பேன். ஆனால் நடுவழியில் நின்றால் உள்ளே இருக்கப்போவது என் தங்கை.

ஆத்திரத்தில் சின்ன விஷயங்களை நான் பொருட்படுத்தவில்லை. டிரைவர் சீட் எப்போதும் கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கும். மாப்பிள்ளையோ குள்ளம். ஸ்டீயரிங்கில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்து ஓட்டுபவர். உள்கண்ணாடியும் கோணலாகத்தான் இருக்கும். பின்னால் வருகிற வண்டி தெரியாது, பின் சீட்தான் தெரியும். கண்ணாடியைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதா என்று அவரைத் திட்டினேன். தான் தொடவே இல்லை என்றார். நான் நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை 6:25. மாப்பிள்ளையை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கினேன். ஒரு வயரை அசைப்பது, ரேஸ் பண்ணச் சொல்வது, இன்ஜின் திக்குகிறதா என்று காது கொடுத்துக் கவனிப்பது. பிறகு அடுத்த வயர். பானெட் மறைப்பதால் உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. குரல் கொடுத்தால் போதும்.

"ரேஸ்."

வ்ர்ர்ரூம்.

"விடுங்க."

அடங்கியது.

அன்றைக்கு அவர் கால் அழகாக வேலை செய்தது. வழக்கமாகக் கரப்பான்பூச்சியை நசுக்குகிற மாதிரி மிதிப்பவர். அன்று மெதுவாக ஏற்றி, நிறுத்தி, மெதுவாக இறக்கினார். என் கண் முன்னால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டது... தளர்ந்தது. பரவாயில்லையே, கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

6:41. பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் மெல்லிய வயரில் கை வைத்தேன். ரேஸ் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

கேபிள் இழுபட்டது.

டுக்... டுக்... டுக்.

வயரைக் கிள்ளிப் பார்த்தேன். மேலே உறை நன்றாக இருந்தது. உள்ளே கம்பி அறுந்து ஒன்றிரண்டு இழையில் தொங்கியது. ரேஸ் பண்ணும்போது மட்டும் விலகும். மூன்று வாரமாக என் உயிரை எடுத்தது இதுதான்.

"புடிச்சாச்சு மாப்ள" என்று கத்திக்கொண்டே பானெட்டை இறக்கினேன்.

சீட்டில் யாரும் இல்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கேட் பக்கமிருந்து போனும் கையுமாக வந்தார்.

"எப்ப இறங்குனீங்க?"

"நீங்க பானெட்டைத் தூக்குனதுமே ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு மச்சான். சொல்லிட்டுத்தானே போனேன். ம்னு சொன்னீங்களே."

கேபிள் சிக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்கிய கேபிள் சொன்ன பேச்சைக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வயரோடு சேர்த்துக் கேபிளையும் மாற்றினேன். மிஸ்ஸிங் நின்றது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் மாலை 5:20. தங்கைக்கு வலி வந்துவிட்டது. மாப்பிள்ளை ஊரின் மறுகோடியில், வேலையில் இருந்தார். என்னிடம் இருப்பது பைக். வேறு வழியில்லை... அந்தக் காரில்தான் ஏற்றினேன். பின் சீட்டில் படுத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேர்தான்.

கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினேன். சிக்னலில் பார்த்தேன். பின் சீட் தெரிந்தது. திருப்பி வைத்தேன்.

பாலத்தில் பார்த்தேன். மறுபடியும் அவள் முகம்.

வண்டி ஒருமுறைகூடத் திக்கவில்லை. 5:47க்கு ஆஸ்பத்திரி வாசல். பெண் குழந்தை. இருவரும் நலம்.

மறுநாள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வழியெல்லாம் எவ்வளவு பாசமா பேசிட்டு வந்தே அண்ணா. 'பயப்படாதடா கண்ணு, இந்தா வந்துட்டோம்'னு. நீ என்னை எப்ப கண்ணுன்னு கூப்பிட்டிருக்கே?"



வழியில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

அன்றைக்கே காரை விற்றவரைத் தேடிப் போனேன். அது அவருடைய அப்பாவின் வண்டி. நல்ல உயரமான மனிதராம். இரண்டு வருடத்துக்கு முன் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகும்போது நடுவழியில் இன்ஜின் திக்கித் திக்கி நின்றுவிட்டது. மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தவர், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆக்சிலேட்டரிலிருந்து அவர் காலை எடுக்கத்தான் சிரமப்பட்டார்களாம்.

"தங்கச்சி பொழச்சிட்டா. குழந்தைதான்..." என்று நிறுத்தினார்.

நான் எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தவர் மெல்லச் சொன்னார்.

"அப்பா கண்ணாடியில அவளைப் பாத்துக்கிட்டே, கடைசி வரைக்கும் ஒண்ணையேதான் திரும்பத் திரும்ப சொன்னாராம்."

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.