ஹாதி பாய்க்குக் கிடைத்த ஐந்தாண்டு விசா

ஜீனத் அக்காவுக்குக் கணவர் மேல் இருந்ததைவிட துபாய்ச் சட்டத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். வேலை இருக்கிறவரைதான் அங்கே விசா. வயதாகி வேலை முடிந்ததும் எப்பேர்ப்பட்டவரையும் விமானம் ஏற்றிவிடுவார்கள். "அவரா வராட்டியும் அவுங்க அனுப்பி வச்சிருவாங்க நான்சி" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னல்களுக்குப் பின்னால் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். அக்கா தலைமை மருந்தாளுநர், நான் அவருக்குக் கீழே. வேடசந்தூர் மில்களிலிருந்து இருமிக்கொண்டே வரும் பெண்கள் எங்கள் இருவரில் அக்காவின் ஜன்னலில்தான் வரிசை கட்டுவார்கள். மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்பார். அதற்காகத்தான்.

கல்யாணமான வருஷமே அப்துல் ஹாதி பாய் துபாய்க்குப் போய்விட்டார். அரிசி மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்து, பிற்பாடு அதற்கே மேலாளர் ஆனார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். அவர் இருக்கும் நாட்களில் பேகம்பூர் வீட்டில் தினமும் கறிதான். திரும்பிப் போனதும் அக்கா பழையபடி காலை பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு வந்துவிடுவார். மகள் உம்மு சல்மா பிறந்ததும், வளர்ந்ததும், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் இதற்கு நடுவில் நடந்தவை. கல்யாணத்துக்கு மட்டும் பாய் வந்திருந்தார்.

தாடிக்கொம்பு ரோட்டில் அக்காவுக்கு ஒரு மனை இருந்தது. சேமநல நிதியில் கடன் போட்டு, தன் சம்பளத்தில் வாங்கியது. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வீடு கட்டுவதாகப் பேச்சு. சமையலறை எந்தப் பக்கம், வேப்பமரம் எந்தப் பக்கம் என்பதுவரை என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்காவின் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தபோது பாய் போனில் சொன்னாராம்: "இப்ப நல்ல விலை போகுது. வித்துப்புடு. என் பணத்தையும் சேர்த்து டவுனுக்குள்ளேயே பெருசா பாத்துக்கலாம்." அக்கா விற்றார். பணம் அப்படியே பாயின் கணக்குக்குப் போனது. புருஷன் பொண்டாட்டிக்குள் யார் கணக்கு என்ன என்று நானும்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் வீடு பார்க்கும் பேச்சு தள்ளிக்கொண்டே போனது. கம்பெனியில் விடமாட்டேன் என்கிறார்கள், புது ஆளுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்பார் பாய். அக்கா ஓய்வு பெற்ற அன்று வீடியோவில் வந்து எங்கள் எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். "அடுத்து நான்தான், செத்த நேரம் பொறுத்துக்கங்க" என்றார். கைதட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து அப்பாஸ் ஊருக்கு வந்தார். துபாயில் பாயோடு ஒரே அறையில் பல வருஷம் தங்கியிருந்தவர், நத்தம் ரோட்டுக்காரர். பேரீச்சம்பழமும் பாதாமும் எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

டீயைக் குடித்துக்கொண்டே அப்பாஸ் சொன்னார்: "அண்ணே குடுத்து வச்சவரு மதினி. எங்களுக்கெல்லாம் வேலை போனா பெட்டியைக் கட்டணும். அவரு ரிட்டயர் ஆயி வருஷம் ஆகப் போகுது, ராஜா மாதிரி சொந்த பிளாட்ல இருக்காரு. அஞ்சு வருஷ விசா. நீங்க எப்ப கெளம்புறீங்க?"

அக்கா காலி டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினார். "என்ன விசா?" என்று கேட்டார்.

"ரிட்டயர் ஆனவங்களுக்குன்னே குடுக்குறாங்கள்ல. அங்க இம்புட்டு மதிப்புக்குச் சொத்து இருக்கணும். பிளாட் வாங்குனாரே, அதை வச்சுத்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு, ஜும்மாவுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார். ஜும்மா வெள்ளிக்கிழமைதான்; அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

அக்கா முதலில் கூப்பிட்டது கணவரை அல்ல, மகளை. ஸ்பீக்கரில் போட்டார். அப்பாவை அவர்கள் வீட்டில் அத்தா என்பார்கள்.

"உங்கத்தா அங்க வீடு வாங்கியிருக்காராம். உனக்குத் தெரியுமா?"

உம்மு சல்மா, "இப்பதைக்கு உன்கிட்ட சொல்ல வேணாம்னு அத்தாதாம்மா சொன்னாங்க. உனக்கு மனசு கஷ்டமாயிரும்னு... கம்ப்யூட்டர்ல விசா விண்ணப்பம் மட்டுந்தான் நான் போட்டுக் குடுத்தேன்" என்றாள்.

அக்கா போனை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அழவில்லை. "ரெண்டு பேருமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் பாய் தானாகவே கூப்பிட்டார். அப்பாஸ் சொல்லியிருப்பார். திடீரென்று சொல்லி மகிழ்விக்கலாம் என்றிருந்தாராம். மனைவி என்ற முறையில் அக்காவுக்கும் விசா எடுத்துவிடலாமாம். நிக்காஹ் பதிவுக்குச் சான்று வாங்கி அனுப்பினால் போதுமாம். பேகம்பூரில் விஷயம் பரவியதும் பெண்கள் வந்து வாழ்த்தினார்கள். வயசான காலத்தில் ஏசி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக் கசக்குதா என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார்.

அக்கா போனார். சுற்றுலா விசாவில், தன் ஓய்வூதியத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு. "அங்க என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வாரேன்" என்றார். திரும்பி வந்து என்னிடம் சொன்னதை வைத்துத்தான் மீதியைச் சொல்கிறேன்.

வேறொரு பெண் இருப்பாளோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்கும். அப்படி யாரும் இல்லை. ஒன்பதாவது மாடியில் சுத்தமான சின்ன வீடு. கீழே ஒரு மலையாளி டீக்கடை. விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுகிறார்கள். அவர்கள் நடுவில் பாய் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்கிறார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்படி ஒரு மனிதரை அக்கா பார்த்ததே இல்லையாம். பேகம்பூரில் அவர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகவே கேட்டிருக்கிறார்.

"ஊருக்கு வர்ற எண்ணமே உங்களுக்கு இல்லையா?"

பாய் சொன்னாராம்: "எனக்கு அங்க யாரைத் தெரியும் ஜீனத்? நான் அங்க விருந்தாளி. லீவு முடிஞ்ச மறுநாள் அந்த ஊர்ல என்ன செய்யணும்னே எனக்குத் தெரியாது."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? மனையை விக்கச் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு இதைச் சொல்லத் தெரியலையா?"

"சொல்லியிருந்தா நீ வித்திருக்க மாட்டே."

இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் உடைந்தது. அதுவரை தடுமாற்றம், பயம் என்று கணவருக்காக ஏதோ காரணம் தேடிக்கொண்டிருந்தாராம். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் திட்டம் போட்டே நடந்தது என்று தெரிந்துபோனது.

மறுநாள் டைப்பிங் சென்டருக்கு அழைத்துப்போனார் பாய். விசா விண்ணப்பம் எழுதித் தரும் கடை அது. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கையெழுத்துப் போடுறேன். அந்த வீட்டுல பாதியை எம்பேருல எழுதுங்க. எம்மனை அதுக்குள்ளதானே இருக்கு?"

"பாதி போனா என் பங்கு விசாவுக்குக் கேக்குற மதிப்புக்கு வராது. அடுத்த தடவை விசா புதுப்பிக்க முடியாது."

"முடியாட்டி என்ன? ஊருக்கு வாங்க."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "அதை மட்டும் கேக்காத" என்றார். வெயில் கொளுத்தும் அந்த நடைபாதையில் முப்பத்தைந்து வருஷக் கல்யாணம் எனக்கு முடிஞ்சு போச்சு நான்சி, என்றார் அக்கா. தலாக் என்றோ, மனைவி கேட்டு வாங்கும் குலா என்றோ யாரும் எதுவும் சொல்லவில்லை. இருவரும் டாக்ஸியில் வீட்டுக்குத் திரும்பி மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்கள். அக்கா பயணத் தேதியை முன்னால் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் காலை நேரம் மட்டும் நிற்கிறார். வீட்டிலிருந்தால் யோசனை ஓடுகிறதாம். பாய் வெள்ளிக்கிழமை கூப்பிடுவார். அக்கா எடுப்பார். உடம்பு எப்படி, மழை உண்டா என்பதோடு பேச்சு முடியும். கணவருடைய தம்பி ஜமாத்தில் பேசலாமா என்று கேட்டார். பேசி என்ன செய்ய, அவர் மனசுக்கும் ஜமாத்துல கையெழுத்து வாங்க முடியுமா என்று அக்கா மறுத்துவிட்டார்.

போன பெருநாளைக்கு உம்மு சல்மா வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தாய்க்கு முன்னால் தட்டோடு உட்கார்ந்தவள் திடீரென்று, "இன்னும் எம்மேல கோவமாம்மா?" என்று கேட்டாள்.

"கோவம் இல்ல" என்றார் அக்கா. "முந்தியெல்லாம் ஒனக்கு எல்லாத்தையும் சொல்லுவேன். இப்ப எதைச் சொல்லணும், எதை விடணும்னு யோசிச்சுத்தான் சொல்றேன். அவ்வளவுதான்."

அவள் அழ ஆரம்பித்தாள். அக்கா அவள் தட்டில் இன்னும் ஒரு துண்டு கறியை எடுத்து வைத்தார். "ஆறிப்போகுது, சாப்பிடு" என்றார்.